சென்னையின் எஃப்சி யாரிடம் முதலில் கையெழுத்து வாங்க வேண்டும்?

2015-லும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துக் கோப்பையைத் தூக்கிய அணி இது. 2020-ல் இறுதிப்போட்டி வரை போனது. அதற்குப் பிறகு மூன்று பருவங்கள் தொடர்ச்சியாக எட்டாவது இடம். சாபா லாஸ்லோ, போஸிதார் பாண்டோவிச், தாமஸ் பிரடாரிச் என்று வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளர், வருஷத்துக்கு ஒரு விதமான டீம், முடிவு மட்டும் மாறவில்லை. 2023-24-ல் ஆறாவதாக வந்து பிளே-ஆஃபில் கோவாவிடம் தோற்றோம். 2024-25-ல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது.

வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் இந்த டீமைத் தன் டீமாக நினைக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். தோற்றதற்காக யாரும் அவ்வளவு கோபப்படுவதில்லை. தோல்வி என்ன என்று தெரிந்த ஏரியா இது. கோபமெல்லாம் ஆள் எடுக்கிற விதத்தின் மேல். ஒரு பையனின் ஆட்டம் பிடித்து, அவன் பேரைச் சொல்லிக் கத்தப் பழகுவதற்குள் அவன் வேறு சட்டையில் வந்து நம் கோலுக்கே பந்து அடிக்கிறான். எனக்கும் அதே கோபம்தான். அந்தக் கோபத்தை ஒரு கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்: அடுத்த பருவத்துக்கான காசு முதலில் யாருக்குப் போக வேண்டும்?

வர்த்தக உரிமை ஒப்பந்தக் குழப்பத்தால் 2025-26 பருவமே தள்ளிப்போனது. ஐஎஸ்எல் கிளப்புகள் கையை இறுக்கிப் பிடிக்கிற காலம். அதனால் இந்தக் கேள்விக்கு இப்போது கூடுதல் அவசரம் உண்டு.

கிளப்பின் முன்னால் நான்கு வழிகள் இருப்பதாகப் பார்க்கிறேன். வெளிநாட்டு வீரர்களை முதலில் பிடித்து, அவர்களைச் சுற்றி டீம் கட்டுவது ஒன்று. வேறு கிளப்பில் பேர் வாங்கிய இந்திய வீரர்களைக் காசு கொடுத்துக் கொண்டுவருவது இன்னொன்று. கையில் இருக்கிற இளம் இந்தியர்களை நீண்ட ஒப்பந்தத்தில் நிறுத்திக்கொள்வது மூன்றாவது. நம் கிரவுண்டுகளில் ஆடுகிற பசங்களை வளர்த்து மெயின் டீம் வரை கொண்டுபோவது நான்காவது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாமே என்று சொல்வது சுலபம். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிற லீகில் அது நடக்காது. முதல் கையெழுத்துக்குப் போன காசு கடைசிக் கையெழுத்துக்கு மிச்சம் இருக்காது.

வெளிநாட்டு வழியில்தான் சென்னை பெரும்பாலும் போயிருக்கிறது. ஆரம்பத்தில் அது சரியாகவும் இருந்தது. 2014-ல் எலானோ 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டை லீகிலேயே முதலாவதாக வாங்கினார். 2015-ல் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல். ஃபடோர்டாவில் நடந்த அந்த வருஷத்து இறுதிப்போட்டியில் 87-வது நிமிஷம் கோவா 2-1 என்று முன்னால் போனது. அதற்குப் பிறகு அவர்கள் கோல்கீப்பரின் சேம்சைட் கோல் ஒன்று, கடைசி நேரத்தில் மெண்டோசாவின் கோல் ஒன்று. 3-2. அந்த ராத்திரியைப் பார்த்தவர்களுக்கு, நல்ல ஃபாரின் பிளேயர் ஒருத்தன் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை ஆழமாக இறங்கிவிட்டது.

ஆனால் அன்றைய விதி வேறு. அப்போது ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் நான்குதான். அதாவது, மெண்டோசா காலத்தில் பதினொரு பேரில் ஐந்து பேர் இந்தியர்களாக இருந்தால் போதும். இன்றைக்கு ஏழு பேர் வேண்டும். கோல்கீப்பர், இரண்டு ஓரத்துத் தடுப்பாளர் (பேக்), குறைந்தது ஒரு ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாளர்), நடுக்களத்தில் ஒருவர், இரண்டு விங்கர் என்று எண்ணினால் மைதானத்தின் பெரும்பகுதி இந்தியக் கால்களிடம் இருக்கிறது. விதி மாறியும் கிளப்பின் பழக்கம் மாறவில்லை. என் ஆதங்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சமீபத்திய பருவங்களே இதற்குச் சாட்சி. 2022-23-ல் பிரடாரிச்சோடு வந்த ஆறு வெளிநாட்டு வீரர்களும் புதுசு. ஸ்லிஸ்கோவிச், கரிகரி, டியூக்கர், ஹக்கமனேஷி, டியாக்னே, நாசர் எல் கயாத்தி. இதில் எல் கயாத்தி எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்று நேரு ஸ்டேடியத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். 9 கோல் அடித்தார். டீம் எட்டாவது. 2024-25-ல் கானர் ஷீல்ட்ஸ் 8 கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்து லீகிலேயே முதலிடம். டீம் பதினோராவது. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். வெளிநாட்டு வீரர் சரியாக அமைந்தும் கீழேதான் முடிக்கிறோம் என்றால், ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், பெரும்பாலான வெளிநாட்டவர் பயிற்சியாளரோடு வந்து பயிற்சியாளரோடு போகிறவர்கள். 2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்து, தடுமாறிக்கொண்டிருந்த டீமை இறுதிப்போட்டி வரை கூட்டிப் போனார். நேரியஸ் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல். அடுத்த பருவம் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-ல் அதே காயில் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு (லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கிற டீமுக்கான பரிசு) வாங்கிக் கொடுத்தார். நாம் எட்டாவது இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் வீடு மாறுகிற குடும்பம் எந்த வீட்டுச் சுவரிலும் ஆணி அடிப்பதில்லை. நம் டீமும் அப்படித்தான் ஆகிவிட்டது.

இதற்காக வெளிநாட்டு வீரர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூரு எஃப்சிக்கு எதிரான இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிஷத்தில் சேத்ரி கோல் போட்ட பிறகு மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி டீமைத் தூக்கி நிறுத்தினார். ஒரு ஸ்டாப்பர் இறுதிப்போட்டியில் இரண்டு கோல்! மூன்றாவதை ராஃபேல் அகஸ்டோ அடித்தார். நார்த்ஈஸ்ட் யுனைடெட் டீமைப் பாருங்கள். அலாதீன் அஜாரே என்ற ஒரே ஒரு ஃபார்வர்டு 2024-25-ல் 23 கோல் அடித்து அந்த டீமை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். அங்கே ஜாம்ஷெட்பூரிடம் விழுந்தார்கள் என்பதும் உண்மை. நல்ல வெளிநாட்டு ஸ்டாப்பரும் ஃபார்வர்டும் கண்டிப்பாக வேண்டும். முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வழியை அதிக நேரம் பேச வேண்டியதில்லை. பேர் வாங்கியவர்களை வாங்குவது பலிக்கும், ஆழமான பை இருந்தால். 2020-ல் மும்பை சிட்டி, கோவாவில் பயிற்சியாளராக இருந்த லோபெராவையும், ஃபால், ஜாஹு, பூமூஸ், மந்தார் ராவ் தேசாய் ஆகியோரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து, அதே பருவத்தில் ஷீல்டையும் கோப்பையையும் அள்ளியது. மோகன் பகானும் அப்படித்தான் செய்கிறது. அவர்களோடு ஏலத்தில் உட்கார்ந்தால் நமக்கு மிஞ்சுவது, அவர்கள் விட்டுவிட்ட ஆட்கள்தான்.

2025 ஜனவரியில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. 31 வயது பிரீதம் கோட்டல் கேரளாவிலிருந்து இங்கே வந்தார். அதே சமயத்தில் 21 வயது ஸ்டாப்பர் பிகாஷ் யும்னம் இங்கிருந்து கேரளாவுக்குப் போனார். கோட்டல் இந்தியாவுக்காகப் பல மேட்ச் ஆடியவர், கோப்பைகள் கண்டவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பட்டியலின் அடியில் கிடக்கிற ஒரு டீம், இன்னும் பத்து வருஷம் ஆடக்கூடிய ஸ்டாப்பரை விட்டுவிட்டு, சில பருவங்கள் மட்டுமே மிச்சமுள்ள ஒருவரை எடுப்பது என்ன கணக்கு? கோப்பைக்கு ஒரே ஒரு ஆள் குறைகிற டீம் செய்தால் புரிந்துகொள்ளலாம். நாம் அந்த நிலையில் இல்லை.

மூன்றாவது வழிதான் என் மனசுக்கு நெருக்கம். காரணம், அதை விட்டதால் நாம் இழந்தவர்களின் பேர்களே போதும். லாலியன்சுவாலா சாங்டே 2019-20-ல் நம் சட்டையில் 7 கோல் அடித்தவர். 2022 ஜனவரியில், 24 வயதில், கடனாக மும்பை சிட்டிக்குப் போனார், பிறகு நிரந்தரமாக அங்கேயே தங்கினார். அடுத்த பருவத்திலேயே மும்பைக்கு லீக் ஷீல்டு, அவருக்கு ஐஎஸ்எல்லின் சிறந்த வீரருக்கான கோல்டன் பால். 2022-23, 2023-24 இரண்டு பருவங்களுக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அனிருத் தாப்பா 2016-ல், 18 வயதில் வந்தார். 2018 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவில் சமன் கோல் அடித்தவர். நம் கண் முன்னால் வளர்ந்து கேப்டன் ஆனவர். 2023-ல், ஒரு நடுக்கள வீரனின் சிறந்த ஆண்டுகள் தொடங்குகிற 25 வயதில், மோகன் பகானுக்குப் போனார். அங்கே இரண்டு பருவம் தொடர்ந்து லீக் ஷீல்டு. அதே 2023-ல் எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். 2024-ல் ரஹீம் அலி ஒடிசாவுக்கு, ஆகாஷ் சங்வான் கோவாவுக்கு. இந்தப் பேர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஏழு இந்தியர் தேவைப்படுகிற லீகில், ஒரு டீமின் பாதி அந்தத் தாளில் இருக்கிறது.

போகிறவனைக் குறை சொல்ல மாட்டேன். கொல்கத்தாவும் மும்பையும் கொடுக்கிற சம்பளத்தையும் கோப்பை வாய்ப்பையும் இருபத்தைந்து வயதுப் பையன் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? கிளப் செய்ய வேண்டியது வேறு. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஒரு வீரர் வேறு கிளப்போடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. அதனால் பேச்சுவார்த்தையை ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் ஆரம்பித்தால் பேரம் ஏற்கெனவே அவர் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே, அதுவும் அவர் ஆட்டம் ஏறுமுகத்தில் இருக்கும்போதே, சம்பளத்தை உயர்த்தி நீட்டிக்க வேண்டும். அப்படியும் ஒருவர் போகத்தான் போகிறார் என்றால் நல்ல தொகையாவது கையில் நிற்கும்.

இதற்கு எதிராக நண்பர்கள் எப்போதும் எடுக்கிற உதாரணம் 2018-19. கோப்பை ஜெயித்த டீமின் ஜெஜே, தாப்பா, அகஸ்டோ, மெய்ல்சன் எல்லோரையும் வைத்துக்கொண்டு கடைசி இடத்தில் முடித்தோமே, தக்கவைத்து என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கோப்பை ஜெயித்தபோது கேப்டனாக நின்ற ஸ்டாப்பர் என்ரிக் செரீனோ அந்தப் பருவத்தில் இல்லை. நடுக்களத்தில் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிக் கொடுத்த தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே. இரண்டு முதுகெலும்புகள் ஒரே நேரத்தில் போய்விட்டன, அந்த இடங்களுக்கு ஆள் சரியாக அமையவில்லை. அதே வருஷம், இறுதியில் நம்மிடம் தோற்ற பெங்களூரு சேத்ரி, குர்பிரீத், உதாந்தா, ராகுல் பேக்கே என்ற இந்தியக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பி வந்து கோப்பையை வாங்கியது. கூடுதல் நேரத்தில் பேக்கே அடித்த ஒரே கோல். அந்த இரண்டு டீம்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகத் தெரிகிறது. இருக்கிறவர்களை நிறுத்தினால் மட்டும் போதாது, காலியான இடத்தை அந்தந்த இடத்துக்கான ஆளால் நிரப்ப வேண்டும். வெளிநாட்டுக் கையெழுத்துகளின் வேலை அதுதான்.

நான்காவது வழிக்கு வருகிறேன். வடசென்னைக்காரன் இதைப் பேசும்போது உணர்ச்சி கலக்கும் என்று பலரும் எதிர்பார்ப்பார்கள். கலக்கட்டும். வியாசர்பாடியை மினி பிரேசில் என்று ஊரே சொல்கிறது. முல்லை நகர் கிரவுண்டிலும் கன்னிகாபுரத்திலும் விடியற்காலையில் போய் நின்றால், ஷூ இருக்கிறவன் இல்லாதவன் எல்லாம் ஒன்றாக ஆடுவதைப் பார்க்கலாம். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். அத்தனை பக்கத்தில் இருக்கிற ஊர், டீம் பட்டியலில் மட்டும் தூரத்தில் இருக்கிறது.

முடியாத காரியமா என்றால் இல்லை. தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன்தான். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஜெஜே முதல் கோல் போட்டார், அடுத்த சில நிமிஷங்களில் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். 3-0, இறுதிக்குப் போனோம். நந்தகுமார் சேகரும் சென்னைப் பையன். சென்னை சிட்டியில் ஆடி, ஐஎஸ்எல்லில் டெல்லி டைனமோஸ், ஒடிசா, பிறகு ஈஸ்ட் பெங்கால் என்று போனவர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், ஈஸ்ட் பெங்காலுக்கு நான்கு வருஷத்துக்கும் மேலான காத்திருப்புக்குப் பிறகு டெர்பியில், அதாவது உள்ளூர் எதிரியோடு மோதும் ஆட்டத்தில், ஒரு வெற்றியைக் கொடுத்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியிலும் கோல். கொல்கத்தாவே கொண்டாடிய விங்கர் நம் ஊரில் பிறந்தவர்.

முழு டீம் அளவிலும் இது நடந்திருக்கிறது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018-19-ல், ஐஎஸ்எல்லுக்கு இணையாக நடந்த தேசிய லீகான ஐ-லீகின் சாம்பியன். அக்பர் நவாஸ் பயிற்சியில் பெத்ரோ மான்ஸி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று நான்கு வெளிநாட்டவர், அவர்களைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பசங்கள். அந்தப் பசங்களில் எட்வினும் ஒருவர். தமிழ்ப் பசங்களை வைத்துத் தேசிய லீக் ஜெயிக்க முடியாது என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். அந்த டீம் ஜெயித்த பிறகு சிதறியதற்கும் காரணம் நாம் மேலே பார்த்ததே. இருந்தவர்களை நிறுத்தவில்லை.

பின் ஏன் முதல் கையெழுத்து உள்ளூர் பையனுக்கு என்று நான் சொல்லவில்லை? நேரம் ஆகும். பதினாறு வயதில் எடுக்கிற பையன் மெயின் டீமில் நிலைக்க ஐந்து வருஷம் வேண்டும், அடுத்த பருவத்தின் இடது பேக் பிரச்சினைக்கு அவன் விடை இல்லை. இதைவிடப் பெரிய காரணம் வீட்டில் இருக்கிறது. இங்கே நன்றாக ஆடுகிற பத்தொன்பது வயதுப் பையனின் அம்மா அப்பா எதிர்பார்ப்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், வருமான வரி, இந்தியன் வங்கி. டிபார்ட்மென்ட் டீமில் இடம் கிடைத்தால் ஓய்வு பெறும்வரை சம்பளம், அப்புறம் பென்ஷன், குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். அந்த வீட்டில் போய் ஒரு வருஷ ஒப்பந்தத்தைக் காட்டி, ஜூனியர் டீமில் ஆடட்டும், பார்க்கலாம் என்று சொன்னால் எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்? ஆட்டம் தெரிந்த பசங்கள் கிடைக்காமல் இல்லை. அவர்கள் நம்பிக் காலை வைக்கிற அளவுக்கு உறுதியான ஒப்பந்தம்தான் கிடைக்கவில்லை. நீளம் குறைவான ஒப்பந்தம் தாப்பாவைப் போன்றவர்களை மேலே அனுப்புகிறது, வியாசர்பாடிப் பையனை ரயில்வேக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே நோய்.

ஆக என் வரிசை இது. முதல் காசு, கையில் இருக்கிற இருபத்தைந்து வயதுக்குக் கீழான இந்தியர்களில் தொடர்ந்து ஆடுகிற ஐந்தாறு பேரின் நீட்டிப்புக்கு. யாரும் ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகக் கூடாது. இரண்டாவது, வெளிநாட்டு ஸ்டாப்பர், ஃபார்வர்டு. இவர்களை கிளப்பின் ஆள் தேர்வுக் குழு எடுக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு. அப்போதுதான் பயிற்சியாளர் மாறினாலும் முதுகெலும்பு மாறாது. 2025-ல் கிளிஃபோர்டு மிராண்டா வந்தது இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது, இந்தியப் பயிற்சியாளருக்கு இந்திய வீரர்கள் யார் என்று வெளியிலிருந்து சொல்லித் தரத் தேவையில்லை. மற்ற வெளிநாட்டு இடங்கள் மிச்சத்துக்கு ஏற்றபடி. பேர் வாங்கிய இந்தியர் ஒருவரை வாங்கலாம், அதுவும் உண்மையிலேயே ஆள் இல்லாத ஓர் இடத்துக்கு, இருபத்தேழு வயதைத் தாண்டாதவராக.

உள்ளூருக்கு ஒதுக்குவது தொகையில் மிகச் சிறியது. வருஷத்துக்கு இரண்டே பசங்கள். சென்னை லீகில் டிபார்ட்மென்ட் டீம்களுக்கு எதிராக ஆடிக் காட்டியவர்களிலிருந்து எடுக்கலாம். இந்தியன் வங்கியில் ஆடி, பிறகு இந்த கிளப்பிலேயே இடைக்காலப் பயிற்சியாளராக நின்ற சையத் சபீர் பாஷா மாதிரி இந்த லீகை உள்ளங்கைபோல அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். குறைந்தது மூன்று வருஷ ஒப்பந்தம், காயம்பட்டாலும் நிற்காத சம்பளம், படிப்பை முடிக்க வழி. வருஷத்துக்கு இத்தனை நிமிஷம் மெயின் டீமில் ஆட விடுவோம் என்ற வாக்குறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது வருஷம் முடியும்போது அந்தப் பையன் ஐஎஸ்எல் தரத்துக்கு வரவில்லை என்றால், அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துக் காலத்தைக் கரைக்காமல் உடனே விடுவித்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது தாண்டுவதற்குள் டிபார்ட்மென்ட் தேர்வுகளுக்கு கிளப்பின் சான்றிதழோடு அனுப்பி வைக்க வேண்டும்.